பெட்டியில் இல்லாத கேள்வி

வளைகுடா நாட்டில், தேரா கடைத்தெருவில் வாயை வைத்தே பிழைத்த மனுஷன் செய்கு அலாவுதீன். சொந்த ஊர் கீழக்கரை. கம்பளியும் சூட்கேஸும் விற்கிற கடை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் அரபியில் பேரம் பேசுவார், உருதுவில் சிரிக்க வைப்பார், கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் ரஷ்யாக்காரப் பெண்களிடம் அவர்கள் பாஷையிலேயே ஊரில் குளிர் எப்படி என்று விசாரித்து, கேட்டதற்குமேல் ரெண்டு கம்பளியைத் தலையில் கட்டிவிடுவார். அப்படிப்பட்ட வாய்க்குத்தான் பூட்டு விழுந்தது. தொண்ணூற்றாறாம் வருஷம், நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்கவில்லை. வாயைத் திறந்தால் 'தா' என்று ஒரே ஒரு சத்தம்தான் வந்தது.

புத்தி மட்டும் பழைய புத்திதான். யார் என்ன பேசினாலும் அட்சரம் பிசகாமல் புரிந்தது. அதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. எழுதிக் காட்டலாமென்றால், இடது கையில் பேனாவைப் பிடித்தவுடன் எழுத்தெல்லாம் தலையைவிட்டுப் போய்விடுகிறது. தலையாட்டலாமென்றால் அதற்கும் தடை. முதல் ரெண்டு வாரம் ஆமாவுக்கு இல்லை என்றும் இல்லைக்கு ஆமா என்றும் தலை மாறி மாறி ஆடியது. டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு இவர் தலையாட்டுவதை நம்பி எதையும் செய்யாதீர்கள் என்று சொல்லிவைத்தார். அந்தக் கொஞ்ச நாள் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. தலை இப்போது ஒழுங்காகத்தான் ஆடுகிறது. ஆனால் டாக்டர் சொன்னதில் பின்பாதியைப் பிடித்துக்கொண்ட தம்பி ஹசன் அலி, 'கொஞ்ச நாளைக்கு' என்ற பாதியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

ஹசன் அலியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அண்ணன் விழுந்த அன்றிலிருந்து கடையைத் திறந்து மூடுவது அவன், காரில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அவன், அண்ணன் குடும்பத்தின் விசா புதுப்பிக்க அரபு முதலாளியான அரபாப் வீட்டு வாசலில் நின்றதும் அவன்தான். அண்ணனுக்குக் காலுறை மாட்டிவிடும்போது அவன் கண் கலங்கியதை அண்ணன் பெண்டாட்டி ருக்கையாவே பார்த்திருக்கிறாள். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். எதிரில் இருப்பவர் பாதி பேசும்போதே மீதியைத் தானே பேசி முடித்துவிடுவான். பேசத் தெரிந்தவர்களிடமே அப்படி என்றால், பேச்சே இல்லாத அண்ணனிடம் கேட்கவா வேண்டும்?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூட இருந்து சொல்லிக் கொடுக்க லீமா என்ற நர்ஸ், குளச்சல்காரி. மூன்றாம் மாதம் அந்த அம்மா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து செய்கு அலாவுதீன் மடியில் வைத்தார். சாப்பாட்டு டப்பா அகலத்தில் சாம்பல் நிற பிளாஸ்டிக். மேலே எட்டுக் கட்டம். பக்கவாட்டில் இருக்கிற சுவிட்சைத் தள்ளி, ஒரு கட்டத்தை அழுத்திக்கொண்டு யாராவது பேசினால் பத்து விநாடி பதிவாகும். சுவிட்சைத் திருப்பிவிட்டுக் கட்டத்தைத் தொட்டால் பேசியவர் குரலிலேயே திரும்பச் சொல்லும். வீட்டில் யாராவது பேசிக் கொடுங்கள் என்றார் அந்த அம்மா. ஆம்பளைக்கு ஆம்பளைக் குரல்தான் பொருத்தம் என்று ஹசன் அலி முன்னால் வந்தான். என்னென்ன வைக்கலாம் என்று அண்ணாச்சியிடம் படம் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று லீமா இழுத்தாள். அவரால் சொல்ல முடிந்தால் பெட்டி எதற்கு என்று கேட்டான் அவன். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது.

அஞ்சு நிமிஷத்தில் எட்டும் முடிந்தது. அஸ்ஸலாமு அலைக்கும். தண்ணி வேணும். பசிக்குது. பாத்ரூம் போகணும். வலிக்குது. தூக்கம் வருது. சரி. அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன். எட்டும் ஹசன் அலியின் கணீர்க் குரலில்.

முதல் வாரம் வீட்டில் கூத்துதான். மத்தியானம் ருக்கையா அலமாரியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள், பின்னால் கட்டிலில் இருந்து கொழுந்தன் குரல் 'தூக்கம் வருது' என்கிறது. பதறிப்போய் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினால் புருஷன் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவர் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். முப்பது வருஷம் ஒரே குரலைக் கேட்ட பெண்டாட்டியிடம் இனிமேல் தம்பி குரலில்தான் தண்ணீர் கேட்க வேண்டும்.

போகப்போக இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. எட்டுக் கட்டத்தையும் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். அத்தனையும் ஒரு நோயாளி பேசுகிற பேச்சு. அதில் யாரையும் திட்ட முடியாது, கேலி செய்ய முடியாது, வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேள்வி என்று ஒன்றுகூடக் கிடையாது. வாழ்நாளெல்லாம் விசாரித்து விசாரித்தே வியாபாரம் செய்த மனுஷன், இனிமேல் யாரையும் எதுவும் விசாரிக்கப் போவதில்லை என்று தம்பி முடிவு கட்டியிருக்கிறான். முடிவு கட்டினோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

மகள் ருமைஸாவின் கல்யாணப் பேச்சு வந்தது அக்டோபரில். மாப்பிள்ளை ராஜிக், பக்கத்து நாட்டுத் தம்மாமில் அவன் மாமா லுக்மானோடு கடை வைத்திருக்கிறான். நல்ல குடும்பம், ஊர்க்காரர்கள், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. நாளைக்கு அண்ணனுக்கு ஒன்று என்றால் அந்தக் குடும்பம் தாங்கிக்கொள்ளும் என்பது ஹசன் அலியின் கணக்கு. ஒரு மத்தியானம் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் அண்ணனிடம் எடுத்துச் சொன்னான். செய்கு அலாவுதீன் 'சரி'யை அழுத்தினார்.

கடைக்காரன் சொல்கிற 'சரி' எப்படிப்பட்டது என்று தேராவில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வந்தவர் ஒரு விலை கேட்பார், இவர் சரி என்பார், அதற்கப்புறம்தான் பேச்சே ஆரம்பிக்கும். நீ சொன்னது காதில் விழுந்தது, இனி நான் பேசுகிறேன் என்று அர்த்தம். இருபது வருஷம் அதே கல்லாவில் கூட உட்கார்ந்த ஹசன் அலிக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் பெட்டிக்குள் இருந்து வந்தது அவன் சொந்தக் குரல் ஆயிற்றே. தன் குரல் சரி என்றால் அவனுக்கு அது முடிந்த பேச்சு. சந்தோஷமாக எழுந்து போய், தம்மாமில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டான். அண்ணன் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டதை, தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து ருக்கையா செம்பைக் கொண்டுவந்தாள்.

ருமைஸாவுக்கு இருபது வயசு. ரெண்டு வயசில் தேராவுக்கு வந்தவள், ஒரு கூரியர் கம்பெனியில் வரவேற்பு மேஜையில் வேலை. பாதி இங்கிலீஷும் பாதித் தமிழுமாக வாய் ஓயாது. டூட்டி முடிந்து வந்ததும் அன்றைக்கு ஆபீசில் யார் யார் என்னென்ன பார்சலைத் தொலைத்தார்கள் என்று வாப்பாவுக்குக் கதை சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவப் போவாள். வாப்பாவுக்கு எல்லாம் புரிகிறது என்று கடைசிவரை நம்பியவள் அவள் ஒருத்திதான். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து அந்தக் கதையும் நின்றது. வருவாள், சலாம் சொல்லுவாள், அறைக்குப் போய்விடுவாள். கல்யாணப் பொண்ணுக்கு வெட்கம் என்றார்கள் வீட்டில். செய்கு அலாவுதீனுக்கு அப்படித் தோன்றவில்லை. பத்து மாசமாகப் பேசாமல் இருந்து பார்த்தவர் அவர். வெட்கத்தில் வாயை மூடுவது எப்படி இருக்கும், வேறு வழியில்லாமல் மூடுவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் ருக்கையா போனில் லுக்மானின் மனைவி அஸ்மத் பீவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். வாப்பா சரின்னுட்டாங்க என்று சாச்சா ஹசன் அலி வந்து சொன்னதும் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று பெருமையாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் குனிந்தது தன்னுடைய 'சரி'க்காக. அதற்கப்புறம் தான் சும்மா இருந்தது, மகளுக்குப் பிடித்திருக்கிறதாம் என்று தம்பி மறுநாள் வந்து சொன்னதற்காக. நடுவில் ரெண்டு பேரிடமும் ஒருத்தரும் கேட்கவே இல்லை.

அன்றைக்கே கேட்டுவிடப் பார்த்தார். ருமைஸா டீ கொண்டுவந்தபோது கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அவள் பெயரில் விரலை வைத்து, அவள் முகத்தைப் பார்த்து 'தா, தா' என்றார். அவளும் உட்கார்ந்தாள், என்ன வாப்பா என்றாள். அவர் விரல் பெட்டிக்கும் பத்திரிகைக்கும் அலைந்தது. அழுத்த ஒரு கட்டமும் இல்லை. பிரிண்டிங் அழகா இருக்கு வாப்பா என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அவள் போனபிறகு டீயைக் குடிக்காமல் அப்படியே ஆறவிட்டார்.

நோன்பு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பிறகு நிக்காஹ் வைத்தார்கள். தேரா பிளாட்டிலேயே நிக்காஹ், விருந்து அப்புறம் ஊரில். அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை அவருக்கு ஆஸ்பத்திரி நாள். கல்யாண வேலை கிடக்கிறது, இந்த ஒரு நாள் போகவேண்டாம் என்றான் ஹசன் அலி. செய்கு அலாவுதீன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அவன் கொண்டுபோய் விட்டான், விட்டுவிட்டு வராந்தாவில் சமையல்காரரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே லீமா மட்டும் இருந்தாள். செய்கு அலாவுதீன் பெட்டியை மேஜையில் வைத்து எட்டுக் கட்டத்தையும் வரிசையாக அழுத்தினார். அழுத்திவிட்டுப் பெட்டியைத் தள்ளிவிட்டார். பிறகு சட்டைப்பையில் இருந்து பத்திரிகையை எடுத்து மகள் பெயரைத் தொட்டார். தன் உதட்டைத் தொட்டார். காதைத் தொட்டார்.

மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையா என்று கேட்டாள் லீமா. அவர் கையை வீசி அதைத் தள்ளினார். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டுமா என்றாள். அதையும் தள்ளினார். கடைப் பையன்கள் யாராவது ஏமாற்றுகிறார்களா, உடம்புக்கு எதுவுமா, பெண்ணுக்கு நகை போடவில்லை என்று வருத்தமா என்று அவளும் சளைக்காமல் கேட்டாள். அவர் மறுபடியும் மகள் பெயர், உதடு, காது என்று அதே மூன்றையும் தொட்டார். அவளுக்கும் பொறுமை குறைந்துகொண்டு வந்தது, வெளியே அடுத்த நோயாளி காத்திருக்கிறார். எழுந்து போக நாற்காலியைப் பின்னால் தள்ளியவள் நின்றாள்.

"அண்ணாச்சி, மககிட்ட நீங்க ஏதோ கேக்கணும். அவ சொல்லுகது உங்க காதுல விழணும். அதானா?"

மேஜையில் இடது கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். லீமா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. நாளைக்கு நிக்காஹ், தம்பிக்காரன் வெளியே நிற்கிறான், வேறு மதத்துக்காரி இதில் தலையிட்டாள் என்று பேச்சு வந்தால் வேலைக்கே ஆபத்து. இருந்தாலும், இந்தப் பெட்டி இவருடையதா தம்பியுடையதா என்று தனக்குள் கேட்டுக்கொண்டவள், சுவிட்சைத் தள்ளினாள். எந்தக் கட்டத்தை அழிக்கட்டும் என்று கேட்டாள். அவர் 'தூக்கம் வருது' மேல் விரலை வைத்தார். லீமா பெட்டியின்மேல் குனிந்து, தன் மகளிடம் கேட்பதுபோலக் கேட்டு வைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் பிளாட் நிறையக் கூட்டம். உள்ளறையில் ருமைஸாவைச் சுற்றி மருதாணிக் கையோடு பெண்கள். வாசலில் எட்டிப் பார்த்தவரை, ஓய்வெடுங்கள் என்று கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள் அஸ்மத் பீவி. நாலு பேர் நடுவில் அழுத்தினால் தம்பி பெட்டியை வாங்கி வைத்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். ஒரு இடம் இருக்கிறது, அங்கே அவரை யாரும் ஒதுக்க முடியாது. நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வாப்பாவும் ரெண்டு சாட்சிகளும் போயே ஆக வேண்டும். பெட்டியை மடியில் வைத்தபடி அதற்காகக் காத்திருந்தார்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் ஹாலில் விரிப்பில் உட்கார்ந்தார்கள். நிக்காஹ் நடத்தி வைக்க வந்த ஹஜ்ரத் பேனாவையும் பதிவேட்டையும் எடுத்து வைத்து, பெண்ணிடம் கேட்டு வாருங்கள் என்றார். அண்ணனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஹசன் அலி எழுந்தான், கூட லுக்மான். அறை வாசலில் நின்று ஹசன் அலிதான் கேட்டான். மாப்பிள்ளை தருகிற இன்ன மஹருக்கு, இன்னார் மகன் ராஜிக்குக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுக்க உன் வாப்பாவுக்குச் சம்மதம் தருகிறாயா என்று அழகாக, நிறுத்தி, மூன்று தரம் கேட்டான். ருமைஸா தலை நிமிரவில்லை. கன்னிப் பெண் பேசாமல் இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது வழக்கம். லுக்மான் அல்ஹம்துலில்லாஹ் என்றார். ரெண்டு பேரும் திரும்பினார்கள்.

செய்கு அலாவுதீன் திரும்பவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அக்குளில் இடுக்கியிருந்த பெட்டியை எடுத்தார். ஆறாவது கட்டத்தை அழுத்தினார்.

"மக்களே, ஒனக்கு இதுல சம்மதம் உண்டா? யாருக்கும் பயப்படாண்டாம். உள்ளதச் சொல்லு."

கீழக்கரைப் பெண்கள் நிறைந்த அறையில், பெற்ற மகளை 'மக்களே' என்று கூப்பிடுகிற குளச்சல் குரல். யாருடி இந்தப் பொம்பளை என்று அஸ்மத் பீவி சுற்றுமுற்றும் பார்த்தாள். ருமைஸா மட்டும் குரலைத் தேடவில்லை. விரலைப் பார்த்தாள், விரலுக்கு மேலே வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னொரு தரம் அழுத்தினார்.

"நீங்கதான் சரி சொன்னீங்கன்னு சாச்சா சொன்னாங்களே வாப்பா" என்றாள். அவர் தலையை ஆட்டினார். இடமும் வலமும், நிதானமாக, எந்த டாக்டர் பார்த்தாலும் சந்தேகப்பட முடியாதபடி. அவள் எழுந்து நின்றாள். "எனக்கு வேணாம் வாப்பா. உங்க மனசு கஷ்டப்படும்னுதான் பேசாம இருந்தேன்."

அறையில் பெண்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ருக்கையா வாயில் கையை வைத்தபடி சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பயந்துவிட்டாள், கூடப்பிறந்த காக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நான் சபையில் போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று ஹசன் அலி படபடத்தான். பேசியும்விடுவான். கதவுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற பத்தடி தூரத்தில் மகளுடைய 'வேணாம்' வேறு ஏதாவதாக மாறிவிடும் என்று செய்கு அலாவுதீனுக்குத் தெரியும். பத்து மாசம் பட்ட பாடு அதுதானே. அவர் பக்கவாட்டு சுவிட்சைத் தள்ளினார், அதே கட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டியை மகள் முகத்துக்கு நேராக நீட்டினார். ருமைஸா மருதாணிக் கையால் பெட்டியின் அடியைத் தாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலேயே பேசினாள்.

ஹாலுக்கு நடக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. ஹசன் அலி பெட்டியை வாங்கக் கை நீட்டினான், கொடுக்கவில்லை. விரிப்பின் நடுவில் கஷ்டப்பட்டுக் குனிந்து, ஹஜ்ரத்துக்கு முன்னால் வைத்து அழுத்தினார்.

"நான் ருமைஸா. செய்கு அலாவுதீன் மகள். எங்க வாப்பா கேட்டாங்க, நான் சொல்றேன். எனக்கு இந்த நிக்காஹ்ல சம்மதமில்லை."

மாப்பிள்ளை ராஜிக் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். லுக்மானுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்ணுடைய குரலை இத்தனை ஆம்பளைகள் இருக்கிற சபையில் வைத்துக் கேட்க வைப்பது என்ன மரியாதை என்று கேட்டார். பதில் சொல்லத் தயாராக ஹசன் அலி வாயைத் திறந்தான். ஹஜ்ரத் அவனைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேசுறது பொண்ணோட வாப்பா. அவருக்கு இதுதான் வாய்" என்றார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "சாட்சிக்காரங்க ரெண்டு பேரும் கிட்ட வாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க காக்கா, நாங்க கேக்குறோம்."

செய்கு அலாவுதீன் அழுத்தினார். ருமைஸா முதலில் இருந்து மறுபடியும் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஹசன் அலி ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.